கர்ப்பப்பையிலும் சினைப்பையிலும் ஒன்றாகப் புற்று: பரவியதா, தனித்தனியா?

ஜூன் 3, கேள்வி

அக்காவுக்கு 41 வயது. ஒரு வருடமாக மாதவிடாயில் அளவு மீறிய இரத்தப்போக்கு. ஃபைப்ராய்டு என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பயாப்சியில் கர்ப்பப்பை உள்சுவரில் புற்று என்று தெரிந்து, போன மாதம் ஆபரேஷன் ஆனது. எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் இடது சினைப்பையிலும் 9 செ.மீ. கட்டி, அதுவும் புற்று என்று வந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் 'சின்க்ரனஸ் பிரைமரி இருக்கலாம்' என்றும் கடைசிப் பக்கத்தில் 'ஸ்டேஜ் 3ஏ' என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் இருந்தால் பரவிவிட்டது என்றுதானே அர்த்தம்? சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆறு கீமோ என்கிறார் டாக்டர்.

ஜூன் 3, இரவு

இரண்டு இடத்தில் இருப்பதாலேயே பரவிவிட்டது என்று ஆகாது. 'சின்க்ரனஸ் பிரைமரி' என்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பிறந்த புற்று. முதலில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், அக்காவுக்கும்.

நான் நோயியல் மருத்துவர். ஆபரேஷனில் எடுத்த உறுப்புகள் ஃபார்மலின் டப்பாவில் எங்களிடம்தான் வரும். அளந்து, வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. உங்கள் அக்காவுடையது போன்ற கேஸ் எங்கள் மேசைக்கு அவ்வப்போது வரும். கர்ப்பப்பை உள்சுவரில் புற்று வந்த பெண்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குச் சினைப்பையிலும் கூடவே ஒன்று இருக்கும். சினைப்பைப் புற்று வந்தவர்களில் கணக்கெடுத்தால் சுமார் 10 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பையிலும் இருக்கும். இவர்களில் பலர் மாதவிடாய் நிற்காத வயதினர். உடல் பருமன், குழந்தை பெறாதது, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) ஆகியவை இவர்களிடம் கூடுதலாகக் காணப்படும்.

ரிப்போர்ட்டைப் பார்த்து இவற்றை எழுதுங்கள். இரண்டு கட்டிகளின் வகை, கிரேடு. கர்ப்பப்பைத் தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது. இரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் உண்டா. சினைப்பையின் மேலுறை கிழியாமல் இருந்ததா. வலது சினைப்பை, கருக்குழாய்கள், நிணக்கணுக்கள், வயிற்றைக் கழுவி எடுத்த நீர். பெயரும் மருத்துவமனையும் தெரியும் இடங்களை மறைத்துவிடுங்கள்.

ஜூன் 4

பார்த்தேன். இரண்டுமே எண்டோமெட்ரியாய்டு, அதாவது கர்ப்பப்பை உள்சுவர்ச் செல்களைப் போன்ற வகை. இரண்டுமே கிரேடு 1, அதாவது வீரியம் குறைந்தது. கர்ப்பப்பைத் தசையில் பாதி ஆழம்கூடப் போகவில்லை. குழாய்களுக்குள் செல்கள் இல்லை. சினைப்பையின் மேலுறை முழுசாக இருக்கிறது. வலது சினைப்பை, நிணக்கணுக்கள், வயிற்று நீர் எல்லாம் சுத்தம். சினைப்பைக் கட்டியை ஒட்டி எண்டோமெட்ரியோசிஸ் உண்டு என்று நடுவில் ஒரு வரி. அந்த வரியை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரிகளில் அது ஒன்று. எண்டோமெட்ரியோசிஸ் இருந்த இடத்திலிருந்தே எண்டோமெட்ரியாய்டு புற்று கிளம்பக்கூடும். அப்படியென்றால் அது சினைப்பையிலேயே பிறந்திருக்க இடம் உண்டு.

ஒருவருக்கு இரண்டு புற்று என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு 1932-லேயே வாரனும் கேட்ஸும் மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். இரண்டுமே ஐயமில்லாமல் புற்றாக இருக்க வேண்டும், இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதாக இருக்கக்கூடாது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் எங்கள் உயிர் போகும். கர்ப்பப்பை, சினைப்பை விஷயத்துக்கென்றே 1985-ல் அல்பிரைட்டும் ராத்தும் சில அடையாளங்களைத் தொகுத்தார்கள். சினைப்பைக்குள் ஒரே கட்டியாக இல்லாமல் பல முடிச்சுகளாக இருப்பது, இரண்டு சினைப்பையிலும் இருப்பது, சினைப்பை 5 செ.மீ.க்கும் சிறியதாக இருப்பது, கர்ப்பப்பைத் தசையில் ஆழமாகப் போயிருப்பது, இரத்தக் குழாய்க்குள் செல்கள், கருக்குழாயின் உள்ளே செல்கள். இவை சேர்ந்து இருந்தால் பரவியது என்ற பக்கம் சாய்வோம்.

உங்கள் அக்காவிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 4, மாலை

"அப்படியென்றால் 3ஏ என்று ஏன் எழுதினார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கர்ப்பப்பைப் புற்று சினைப்பைக்குப் பரவினால் அது 3ஏ. பழைய ஸ்டேஜ் விதிப்படி சினைப்பையில் இருந்தாலே அந்தக் கட்டத்தை டிக் செய்துவிடுவது உண்டு. உள்ளே 'தனித்தனியாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டுக் கடைசியில் அதற்கு எதிரான ஸ்டேஜைப் போட்டால், புற்றுநோய் மருத்துவர் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளில் எத்தனை பேரை அவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாளைக்கே செய்ய வேண்டியது: ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கி, பெண்களின் புற்றுநோயைத் தனியாகப் பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவரிடம் மறுபார்வைக்குக் கொடுங்கள். நோயாளி தரப்பில் பிளாக் கேட்டால் தர வேண்டியதுதான். தயங்காதீர்கள். வெறும் ரிப்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது கருத்துக் கேட்பவர்கள் நிறையப் பேர். அதில் அந்த மருத்துவருக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை.

ஜூன் 6

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதைப் படிப்பவர்கள், இரண்டும் பிறப்பிலேயே வேறு வேறு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். விஷயம் அதைவிடச் சிக்கலானது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

2016-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எங்களைப் போன்றவர்கள் 'இரண்டு தனிப் புற்று' என்று ரிப்போர்ட் கொடுத்த கட்டிகளை எடுத்து டிஎன்ஏவை விரிவாகப் படித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கர்ப்பப்பைக் கட்டியிலும் சினைப்பைக் கட்டியிலும் ஒரே மரபணு மாற்றங்கள் இருந்தன. பிடென் போன்ற, இந்த வகைப் புற்றில் வழக்கமாகக் கெட்டுப்போகும் மரபணு இரண்டிலும் கெட்டிருந்தால் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் புற்றுக்குச் சம்பந்தமே இல்லாத, எங்கோ நடந்த சில்லறை மாற்றங்களும் அப்படியே ஒத்துப்போனால் இரண்டும் ஒரே செல்லின் வம்சம் என்றுதான் கொள்ள வேண்டும். அதாவது மைக்ராஸ்கோப் 'தனித்தனி' என்றது, டிஎன்ஏ 'உறவு' என்றது.

அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளை நம்பி எத்தனையோ பெண்களுக்குக் கீமோ கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். என் அனுபவம் மட்டுமல்ல இது. அமெரிக்காவின் பெண்கள் புற்றுநோய்க் கூட்டாய்வுக் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டிலும் ஒரே நேரத்தில் கட்டி கண்டறியப்பட்ட 74 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 86 சதவீதம், பத்து வருடத்தில் சுமார் 80. உண்மையில் பரவிய சினைப்பைப் புற்றில் இப்படி ஒரு எண்ணைப் பார்க்க முடியாது.

ஒரே வம்சம், ஆனால் பரவிய புற்றின் குணம் இல்லை. எப்படி? கர்ப்பப்பை உள்சுவரின் செல்கள் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய்ச் சினைப்பையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். எண்டோமெட்ரியோசிஸ் வருவதே இந்த வழியில்தான் என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள். வேப்பம்பழத்தைக் காக்கை கொத்திப் போட்டு அடுத்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு கன்று முளைப்பதைப்போல. அது இந்த மரத்தின் வாரிசுதான், ஆனால் இந்த மரத்தின் வேர் சுவரைத் துளைத்துக்கொண்டு அங்கே போகவில்லை. இரத்தத்திலும் நிணநீரிலும் நுழைந்து பயணம் செய்யும் திறமை அந்தச் செல்களுக்கு வந்துவிட்டதா என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்யும் கேள்வி. அதற்கு விடை தசையின் ஆழத்திலும் குழாய்களிலும் மேலுறையிலும் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் நாங்கள் பார்ப்பதும் அதைத்தான்.

ஜூன் 7

இப்போது ஸ்டேஜ். ஃபிகோ என்ற உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2023-ல் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றின் ஸ்டேஜ் விதிகளை மாற்றியது. அதில் உங்கள் அக்காவைப் போன்றவர்களுக்கென்றே 1ஏ3 என்று ஒரு கட்டம் இருக்கிறது. குறைந்த கிரேடு எண்டோமெட்ரியாய்டு, தசையில் பாதிக்கும் குறைவான ஆழம், குழாய்களுக்குள் குறிப்பிடத்தக்க அளவில் செல்கள் இல்லை, ஒரே ஒரு சினைப்பை, அதன் மேலுறையைத் தாண்டவில்லை, வேறெங்கும் இல்லை. இத்தனையும் பொருந்தினால் அது 3ஏ இல்லை, 1ஏ3. 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இதே போன்ற கேஸ்களை இரண்டு தனிப் புற்றுகளாகப் பாவித்து மிதமாகச் சிகிச்சை செய்யலாம் என்ற பக்கம்தான் நிற்கிறது. 'ஒரே வம்சமா, வேறா' என்ற சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, இவர்களுக்கு எது நடக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கீமோ வேண்டுமா வேண்டாமா என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். அக்காவின் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2023 விதிப்படி இது 1ஏ3-க்குப் பொருந்துமா?" சண்டைக்குப் போகிற மாதிரி கேட்க வேண்டாம். அவரே டியூமர் போர்டில், அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், வைத்துப் பேசுவார்.

ஜூன் 7, கொஞ்சம் கழித்து

"ஐஎச்சி செய்தால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமே" என்று ஒருவர். செல்லில் உள்ள புரதங்களைச் சாயம் பிடிக்க வைத்துப் பார்க்கும் சோதனை அது. இந்த இடத்தில் உதவாது. கர்ப்பப்பை எண்டோமெட்ரியாய்டும் சினைப்பை எண்டோமெட்ரியாய்டும் ஒரே சாயங்களைத்தான் பிடிக்கும். காசுதான் செலவாகும்.

வேறு இடங்களில் உதவும். கர்ப்பப்பை வாயில் ஒரு கட்டி, உள்சுவரிலும் ஒன்று என்றால் பி16 சாயம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) சோதனை மூன்றும் பிரித்துக் காட்டிவிடும். எச்பிவியால் வந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பி16 அடர்த்தியாக, இடைவெளி இல்லாமல் பிடிக்கும், ஏற்பி பெரும்பாலும் இருக்காது. உள்சுவர் எண்டோமெட்ரியாய்டில் பி16 திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், ஏற்பி பளிச்சென்று தெரியும்.

ஜூன் 9

புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 2013-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்து கதிர் சிகிச்சையில் குணமானது. இப்போது யோனியில் ஒரு புண், பயாப்சியில் ஸ்குவாமஸ் (மேல்தோல் செல்களில் பிறக்கும்) புற்று. பழையது திரும்பியதா?

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே. கர்ப்பப்பை வாய்ப் புற்று குணமாகி 5 வருடத்துக்குள் யோனியில் வந்தால் திரும்பியதாகக் கொள்வோம், அதற்குப் பிறகு வந்தால் புதிதாகப் பிறந்த யோனிப் புற்று என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்புறம் இன்னொரு விதி. கட்டி கர்ப்பப்பை வாயைத் தொட்டால் அது வாய்ப் புற்றுக் கணக்கு, வெளி உறுப்பைத் தொட்டால் அந்தக் கணக்கு. இரண்டையும் தொடாதபோதுதான் யோனிப் புற்று. அதனால்தான் தனியான யோனிப் புற்று அவ்வளவு அபூர்வமாகத் தெரிகிறது.

இங்கே காரணம் வேறு. கர்ப்பப்பை வாய், யோனி, வெளி உறுப்பு, ஆசனவாய் எல்லாவற்றின் தோலும் ஒரே எச்பிவி தொற்றுக்கு ஆளான பரப்பு. ஒரு இடத்தில் அது வேலையைக் காட்டியிருந்தால் இன்னொரு இடத்திலும் காட்டலாம். இரண்டு கட்டியிலும் எச்பிவி 16 இருப்பதை வைத்து 'பழையதுதான்' என்று சொல்லிவிட முடியாது, பரப்பு முழுக்க அதே வைரஸ்தானே. வைரஸ் செல்லின் டிஎன்ஏவில் எந்த இடத்தில் போய் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் உறவு தெரியும். அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. அம்மாவுக்கு அது அவசியமும் இல்லை.

அவசியம் எதுவென்றால், முன்பு எவ்வளவு கதிர், எந்தப் பரப்புக்குக் கொடுத்தார்கள் என்ற பழைய பதிவு. கதிர் பட்ட இடத்தில் மறுபடி முழு அளவு கொடுக்க முடியாது. அந்தத் தாளைத் தேடி எடுங்கள். கூடவே வெளி உறுப்பையும் ஆசனவாயையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாக்கள் அந்த இடத்து அரிப்பையும் புண்ணையும் யாரிடமும் சொல்லாமல் பல வருடம் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 10

முதல் கேள்வி கேட்டவருக்கு, இன்னும் கேட்காத ஒரு கேள்விக்கான பதில். இதை எழுதாமல் எனக்கு மனம் ஆறாது.

என் பெரியம்மாவுக்கு 47 வயதில் கர்ப்பப்பையில் புற்று. எடுத்தார்கள், பிழைத்தார். 54 வயதில் பெருங்குடலில் புற்று. வேறு ஊர், வேறு மருத்துவமனை. கேஸ் தாளில் 'முன்பு கர்ப்பப்பை நீக்கம்' என்று மட்டும் எழுதினார்கள். ஏன் நீக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் தாய்மாமா 44 வயதில் பெருங்குடல் புற்றில் போயிருந்தார், அதையும் கேட்கவில்லை. பெரியம்மாவும் இரண்டாவது முறை தப்பிக்கவில்லை. தலையெழுத்து என்று வீட்டில் முடித்துக்கொண்டோம். நான் அப்போது மருத்துவ மாணவி.

லின்ச் என்று ஒரு பரம்பரை நிலை உண்டு. டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் நான்கு: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பெருங்குடல், கர்ப்பப்பை உள்சுவர், சினைப்பை ஆகியவற்றில் இளவயதில் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம். குடலிலும் கர்ப்பப்பை அல்லது சினைப்பையிலும் புற்று வந்த லின்ச் பெண்களைப் பார்த்தால், சுமார் பாதிப் பேருக்கு முதலில் வந்தது குடலில் இல்லை. முதல் மணி அடிப்பது எங்கள் மேசையில். அதனால்தான் சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு நோயியல் மருத்துவரிடம்தான் தொடங்குகிறது. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்பவரிடம், துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண், "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடல் புற்றிலோ பெண் உறுப்புப் புற்றிலோதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்ற பொருளில் சொன்னார். வார்த்தின் அதைக் காதில் போட்டுக்கொண்டு அந்தக் குடும்பத்தையே தேடி எழுதி 1913-ல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். ஹென்றி லின்ச் 1960களில் இதே போன்ற குடும்பங்களை எழுதிய பிறகும் பலர் நம்பவில்லை. மரபணுக்கள் தெரிய 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைக்குக் கட்டியிலேயே நான்கு சாயம் போட்டுப் பார்த்துவிடலாம். எம்எம்ஆர் ஐஎச்சி என்று கேளுங்கள். எம்எல்எச்1-உம் பிஎம்எஸ்2-உம் சேர்ந்து காணாமல் போயிருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை இல்லை. எம்எல்எச்1 மரபணு வயதோடு அணைந்துபோயிருக்கும், அதற்கு மெத்திலேஷன் என்று ஒரு சோதனை செய்து உறுதி செய்வார்கள். எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இல்லை என்றால் நேரே இரத்தத்தில் மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும்.

பெரியம்மா மகளுக்குப் பல வருடம் கழித்து நான் பிடிவாதமாகச் சோதிக்க வைத்தேன். எம்எஸ்எச்2-வில் பழுது இருந்தது. இப்போது ஒழுங்காகக் கொலனோஸ்கோபி செய்துகொள்கிறாள், ஒரு பாலிப்பை அது புற்றாவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். என் அம்மாவுக்கும் சோதித்தோம், அந்தப் பழுது இல்லை. அதனால் எனக்கும் இல்லை.

ஜூன் 10, இரவு

முன்பு சொன்ன 2016 விஷயத்தோடு சேர்த்து ஒன்று. லின்ச் உள்ள பெண்களில் கர்ப்பப்பைக் கட்டியும் சினைப்பைக் கட்டியும் உண்மையிலேயே வேறு வேறு செல்லில் பிறந்தவையாக இருந்தது பதிவாகியிருக்கிறது. உடல் முழுக்கப் பிழைதிருத்தம் பழுதாக இருந்தால் இரண்டு இடத்தில் தனித்தனியாக முளைப்பதில் வியப்பில்லை. ஆக 'ஒரே வம்சம்' என்பதும் எல்லோருக்குமான விதி இல்லை.

ஜூன் 12

இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவர், "அப்போ இரண்டு இடத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம்" என்று முடித்திருக்கிறார். அப்படிச் சொல்லாதீர்கள். நான் பேசிக்கொண்டிருப்பது குறைந்த கிரேடு எண்டோமெட்ரியாய்டு பற்றி மட்டும்.

உயர் கிரேடு சீரஸ் என்ற வீரியமான வகைப் புற்று என்றால் கதை வேறு. அது கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை, வயிற்று உறை எல்லாவற்றிலும் இருந்தால் கிட்டத்தட்ட எப்போதுமே ஒரே நோய்தான், அதிலும் பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கியது. முன்பெல்லாம் நாங்கள் குழாயிலிருந்து பெயருக்கு ஒரு துண்டு எடுத்துவிட்டுக் கடந்துபோவோம். இன்று அந்த நுனியை நீளவாக்கில் சீவி முழுசாகப் பதித்துப் பார்க்க வேண்டும். அங்கே மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் தெரியும் அளவில் மூலம் உட்கார்ந்திருக்கும். டபிள்யூடி1 சாயம் குழாய்-சினைப்பைச் சீரஸில் பிடிக்கும், கர்ப்பப்பையிலிருந்து வந்ததில் பெரும்பாலும் பிடிக்காது.

மியூசினஸ் (சளி போன்ற திரவம் சுரக்கும்) கட்டி சினைப்பையில் என்றால் இன்னும் ஜாக்கிரதை. இரண்டு பக்கமும் இருந்தாலோ 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ வயிறு, குடல், பித்தப்பை, கணையம் எங்கிருந்தாவது வந்திருக்கிறதா என்று தேடாமல் சினைப்பைப் புற்று என்று எழுதக்கூடாது. கர்ப்பப்பை வாயின் அடினோகார்சினோமாவும் (சுரப்பிச் செல்களில் பிறக்கும் புற்று) சினைப்பைக்குப் போய் அசல் சினைப்பைக் கட்டி போலவே வேஷம் போடும். வாயில் இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கலாம். அங்கே பி16-உம் எச்பிவி சோதனையும்தான் காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் ஒரு விலக்கு. கர்ப்பப்பை வாயில் வரும் இரைப்பை வகை மியூசினஸ் புற்றுக்கு எச்பிவி காரணம் இல்லை, பி16-உம் பெரும்பாலும் பிடிக்காது. சிறுவயதிலேயே உதட்டில் கருப்புப் புள்ளிகள் தோன்றும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நிலை உள்ள குடும்பங்களில் இது வரும். அவர்களில் கர்ப்பப்பை வாய், உள்சுவர், கருக்குழாய், சினைப்பை என்று பல இடத்தில் ஒரே நேரத்தில் மியூசின் மாற்றங்கள் இருக்கலாம், எது பிறந்தது எது பரவியது என்று பிரிப்பது மிகக் கடினம். அபூர்வம்தான். ஆனாலும் உதட்டைப் பார்க்கக் காசு ஆகாது.

ஜூன் 13

சகமருத்துவர் ஒருவர், "சின்க்ரனஸ் என்று எழுதுவது தப்பித்துக்கொள்ளும் வழி" என்கிறார். ஒற்றைச் சொல்லாக எழுதிவிட்டுப் போனால் அவர் சொல்வது சரி. ஆழம் எத்தனை மில்லிமீட்டர், இரத்த, நிணநீர்க் குழாய் ஊடுருவல் உண்டா, மேலுறை, எண்டோமெட்ரியோசிஸ், எம்எம்ஆர், எல்லாவற்றையும் எழுதி, இதனால் இந்த முடிவு என்று காரணம் காட்டினால் அது பொறுப்பு.

ஆனால் ஒழுங்காக எழுத உறுப்பு ஒழுங்காக வர வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே அதிகம். கர்ப்பப்பையைத் திறக்காமல் முழுசாக டப்பாவில் போட்டு, அதுவும் அரை டப்பா திரவத்தில், இரண்டு நாள் கழித்து அனுப்பினால் உள்சுவர் அழுகித்தான் வரும். அப்படி ஒரு இடத்திலிருந்து எங்களுக்கு வந்த 38 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையில் ஆழத்தையே அளக்க முடியவில்லை. எவ்வளவோ முயன்றும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நேரான பதில் கொடுக்க முடியாமல் போனது இன்னும் என் மனதில் இருக்கிறது. ஆபரேஷன் நடந்த அன்றே பக்கவாட்டில் திறந்து, பத்து மடங்கு ஃபார்மலினில் போட ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஜூன் 13, மாலை

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: கல்யாணம் ஆகாத 29 வயதுப் பெண், உள்சுவரில் கிரேடு 1 புற்று, குழந்தை வேண்டும் என்பதால் ஆபரேஷனுக்குப் பதில் புரோஜெஸ்டரான் ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கப் போகிறார்களாம். சினைப்பையைப் பார்த்தார்களா என்று கேட்டேன், வயிற்று ஸ்கேன் மட்டும் என்கிறார். போதாது. 2005-ல் வந்த ஓர் ஆய்வில், கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 24 முதல் 45 வயதுக்குட்பட்ட 102 பெண்களில் கால்வாசிப் பேருக்குச் சினைப்பையிலும் கட்டி இருந்தது, அவற்றில் பெரும்பாலானவை தனிப் புற்று என்று வகைப்படுத்தப்பட்டன. எம்ஆர்ஐ எடுத்து, சினைப்பையை உற்றுப் பார்த்த பிறகு மாத்திரை ஆரம்பிக்கட்டும். சந்தேகம் இருந்தால் லேப்ராஸ்கோபி. குழந்தை ஆசை நியாயமான ஆசை. அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பரிசோதனை.

ஜூன் 15

பிளாக்குகளைக் கூரியரில் அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: அனுப்பலாம், தட்டையான பெட்டியில், பஞ்சு சுற்றி. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைக்காதீர்கள். அந்த மெழுகு 56 டிகிரி வாக்கில் உருகும், மூடிய காருக்குள் சூடு பிளாக்கை இளக்கிவிடலாம். பிளாக் எண்களை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஜூன் 24

முதல் கேள்வி கேட்டவர் மறுபார்வை ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். இரண்டு கட்டிக்கும் அதே வகை, அதே கிரேடு. ஆழம் தசையில் மூன்றில் ஒரு பங்கு. கருக்குழாய் நுனிகள் இரண்டையும் முழுசாகப் பதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லை. ஃபிகோ 2023 ஸ்டேஜ் 1ஏ3 என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எம்எம்ஆர் நான்கும் இரண்டு கட்டியிலும் இருக்கின்றன. டியூமர் போர்டில் கீமோ வேண்டாம், கண்காணிப்பு போதும் என்று முடிவாம். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

நான்கும் இருப்பதால் லின்ச் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு எந்த வயதில் என்ன புற்று என்று ஒரு தாளில் எழுதி அக்காவின் ஃபைலில் வையுங்கள். சாயத்தில் பிடிபடாமல் போகும் குடும்பங்களும் சில உண்டு.

ஜூன் 25

அக்காவுக்கு உடம்பெல்லாம் திடீர் திடீரென்று கொதிக்கிறது, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகிறார், புற்று திரும்பிவிட்டதோ என்று பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புற்று இல்லை. 41 வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்பது ஒரே நாளில் நடந்துவிடும், உடம்புக்குப் பழக அவகாசமே கிடைக்காது. இதை ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரையைக் கடையில் தானாக வாங்க வேண்டாம். இந்த வகைப் புற்று ஈஸ்ட்ரோஜனில் வளரக்கூடியது, கொடுக்கலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றையும் கேளுங்கள். எலும்பும் இந்த வயதிலிருந்தே தேய ஆரம்பிக்கும். அடுத்த முறை போகும்போது எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி சோதனையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.